வெயில் காலத்துல கேமிங் பிசிக்கு எந்த கூலர்? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விகள்

மார்ச் பொறந்தாலே என் போனுக்கு ஒரே கேள்விதான் வரும், அண்ணா பிசி சூடாகுது என்ன கூலர் வாங்கட்டும்னு. கிருஷ்ணகிரி டவுன தாண்டி பர்கூர் ரோட்டுல எங்க வீடு, என் மெஷின நானே பார்ட் பார்ட்டா வாங்கி அசெம்பிள் பண்ணேன், அதுக்கப்புறம் சொந்தக்காரங்க, ஃபிரண்ட்ஸ், ஃபிரண்டோட தம்பின்னு நிறைய பேரோட பிசிய தொறந்து பாத்தாச்சு. நெட்ல வர்ற கூலர் ரிவ்யூ முக்காவாசி 21, 22 டிகிரி ரூம்ல வெச்சு டெஸ்ட் பண்ணதா இருக்கும், நம்ம ரூம்ல மே மாசம் ராத்திரி 9 மணிக்கு தெர்மாமீட்டர் 34 காட்டுது, அந்த நம்பர இங்க அப்படியே எடுத்துக்க முடியாது. அதான் எல்லாருக்கும் தனித்தனியா சொல்றத ஒரே எடத்துல எழுதிட்டேன்.

கே: சுருக்கமா சொல்லுங்கண்ணா, ஏர் கூலரா லிக்விட் கூலரா?

ப: என்கிட்ட கேக்கற முக்காவாசி பேருக்கு ஏர் கூலர்தான், அதாவது சிப் மேல தகடும் ஃபேனும் வெச்சு காத்தால சூட்ட எடுக்கறது. லிக்விட்னா பம்ப் வெச்சு தண்ணிய டியூப்ல சுத்த விட்டு ரேடியேட்டர்ல ஆற வெக்கறது. ஏஎம்டியோட ரைசன் 5, இன்டெலோட ஐ5 மாதிரி ப்ராசஸர் (சிபியூ சிப்) வெச்சுக்கிட்டு கேம் ஆடறவங்களுக்கு ஒரு நல்ல ஒத்தை டவர் கூலர் (ஒரே ஒரு தகடு அடுக்கு இருக்கறது) மே மாசத்தையும் தாங்கிடும். ஆனா எது வாங்கினாலும் அதுக்கு முன்னாடி கேபினெட் (பிசி பெட்டி), தூசி, ரூம் இந்த மூணையும் பாத்துடுங்க, நம்ம ஊர்ல பாதி பிரச்சினை கூலர்லயே இல்ல.

கே: எத்தனை டிகிரி வரைக்கும் பரவால்ல?

ப: ஒவ்வொரு ப்ராசஸருக்கும் கம்பெனியே ஒரு எல்லை வெச்சுருக்கு. ரைசன் 5 5600-க்கு 90, ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு 89, ரைசன் 5 7600எக்ஸ்-க்கு 95, இன்டெல் 12, 13, 14-வது தலைமுறைக்கெல்லாம் 100 டிகிரி. அந்த எல்லைய தொட்டா உடனே வெடிச்சுடாது, தானா ஸ்பீட குறைச்சுக்கும், அப்ப கேம்ல எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் ஓடுதுங்கறது) தட்டுத்தடுமாறி இறங்கும், அதுக்கும் மேல தாண்டிச்சுன்னா சிஸ்டமே ஆஃப் ஆயிடும். கேம் ஆடறப்ப 80க்குள்ள இருந்தா நிம்மதியா ஆடலாம், நம்ம ஊர் ஏப்ரல் மே-ல 85 வரைக்கும் போனாலும் நான் கவலப்பட மாட்டேன். சும்மா டெஸ்க்டாப்ல நிக்கறப்பவே 65, 70 காட்டுச்சுன்னா அது தப்பு, கூலர் சரியா உக்காரலன்னு அர்த்தம்.

சூட்ட பாக்கறதுக்கு எச்டபிள்யூஇன்ஃபோங்கற சாஃப்ட்வேர் ஃப்ரீயா கெடைக்குது, கேம் ஆடிக்கிட்டே ஸ்க்ரீன் ஓரத்துல பாக்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போதும். அஞ்சு நிமிஷம் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, அரை மணி நேரம் ஆடினப்பறம் என்ன காட்டுதோ அதான் கணக்கு. கூடவே சொவத்துல ஒரு ரூம் தெர்மாமீட்டர் மாட்டிருங்க, ரூம் எத்தனை டிகிரின்னு தெரியாம சிபியூ 82னு மட்டும் சொன்னா அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

கே: ரூம் சூடு அவ்ளோ முக்கியமா? நல்ல கூலர் போட்டா போதாதா?

ப: இத புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் ஈஸி. கூலர் எதுவா இருந்தாலும், ஏரோ லிக்விடோ, அது சூட்ட அழிக்கறது இல்ல, சிப்லேருந்து எடுத்து ரூம் காத்துல விடுது, அவ்ளோதான் அதோட வேலை. அதனால ரூம் காத்து எத்தனை டிகிரியோ அதுக்கு கீழ சிப்ப எந்த கூலராலயும் கொண்டு போக முடியாது. 22 டிகிரி ரூம்ல ஒருத்தன் 62 டிகிரி காட்டறான்னா ரூமுக்கும் சிப்புக்கும் 40 வித்தியாசம், அதே மெஷின தூக்கிட்டு வந்து நம்ம 37 டிகிரி ரூம்ல வெச்சா ஏறக்குறைய 77 காட்டும். கூலர் அதே கூலர், வேலையும் அதே வேலைதான்.

இன்னொண்ணு, நம்ம வீடு பெரும்பாலும் கான்க்ரீட் தளம், கம்ப்யூட்டர் ரூம் மாடில இருக்கும். பகல் பூரா தளம் வெயில குடிச்சுட்டு சாயங்காலத்துலேருந்து ராத்திரி 10, 11 வரைக்கும் உள்ள விடும், நம்ம கேம் ஆடற நேரமும் சரியா அதுதான். வெளிய வந்து நின்னா ஜில்லுனு காத்து அடிக்குது, ரூமுக்குள்ள போனா அடுப்பாங்கரை மாதிரி இருக்கு. போன வருஷம் மொட்டை மாடிக்கு சுண்ணாம்பு அடிச்சோம், ரெண்டு கோட்டு, அதுக்கப்புறம் அதே நேரத்துல ரூம் தெர்மாமீட்டர் 3 டிகிரி கம்மியா காட்டுச்சு, பிசிலயும் அந்த 3 டிகிரி அப்படியே எறங்குச்சு. கூலர மாத்தி 3 டிகிரி எறக்கணும்னா எத்தனை ஆயிரம் ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

கே: ப்ராசஸர் டப்பாவோட வந்த கூலரே போதாதா?

ப: ஐ5 12400எஃப், ரைசன் 5 5600 ரெண்டுக்கும் டப்பாக்குள்ளயே கூலர் வரும். ஓசூர் க்ளைமேட்டுக்கு ஓட்டிடலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, அரூர், ஊத்தங்கரை பக்கம் மார்ச்லேருந்து மாங்கா சீசன் முடியற வரைக்கும் கஷ்டம். என் 5600 அந்த டப்பா கூலரோட 36 டிகிரி ரூம்ல 88 தொட்டுச்சு, ஃபேன் சத்தம் ஹெட்போன தாண்டி கேட்டுச்சு, சின்ன ஃபேன் முழு ஸ்பீடுல கத்தறது அது. கைல காசு இல்லன்னா இந்த வருஷம் அதுலயே ஓட்டுங்க, தப்பில்ல, அடுத்த வாட்டி காசு வரும்போது மொதல்ல மாத்த வேண்டியது அதுதான்.

இன்டெல் டப்பா கூலர்ல நாலு மூலைல பிளாஸ்டிக் ஆணி மாதிரி இருக்கும், அதுல ஒண்ணு சரியா எறங்காம விட்டாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கும். நாலும் டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தி, போர்டோட பின்பக்கம் நாலு காலும் வெளிய வந்துருக்கான்னு பாத்துக்குங்க.

கே: டவர் ஏர் கூலர் எப்படி வேலை செய்யுது? எது வாங்கலாம்?

ப: ஸ்ப்லெண்டர் இன்ஜின சுத்தி தகடு தகடா இருக்கு பாருங்க, அதே வேலைதான். வித்தியாசம் என்னன்னா நடுவுல தாமிர குழாய் போகும், அதுக்குள்ள கொஞ்சூண்டு திரவம் இருக்கும், சிப் பக்கம் சூடானதும் அது ஆவியா மாறி மேல போகும், மேல தகட்டுகிட்ட சூட்ட விட்டுட்டு திரும்ப திரவமா எறங்கி வரும். இதுக்கு மோட்டாரும் கிடையாது பம்பும் கிடையாது, கெட்டுப்போற ஒரே பொருள் முன்னாடி இருக்கற ஃபேன், அதுவும் சில நூறு ரூபாய்க்கு கெடைக்கற 120 மிமீ ஃபேன்தான், அத மாத்திக்கிட்டா அந்த கூலர் அடுத்த ப்ராசஸருக்கும் வரும்.

ரைசன் 5, ஐ5-க்கு நாலு குழாய் இருக்கற ஒத்தை டவர், டீப்கூல் ஏகே400 மாதிரி, ஏறக்குறைய 2000லேருந்து 3000 ரூபாய்க்குள்ள வரும். 7800எக்ஸ்3டி, ஐ7 இந்த லெவலுக்கு போனா ஆறு குழாய் ரெட்டை டவர், தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ நல்ல சாய்ஸ், 240 (ரேடியேட்டர் சைஸ், மிமீல) லிக்விட் கூலருக்கு பக்கத்துல வந்து நிக்கும். 7800எக்ஸ்3டி மேல 120 வாட்னு போட்டுருக்குன்னு பயந்துடாதீங்க, கேம் ஆடறப்ப அது அவ்ளோ இழுக்காது.

உயரத்த மறந்துடாதீங்க. ஏகே400 உயரம் 155 மிமீ, நாக்டுவா என்எச்-டி15 165 மிமீ. சின்ன கேபினெட்ல சைடு கண்ணாடி மூடாது. கேபினெட் டப்பாலயே சிபியூ கூலர் எவ்ளோ உயரம் வரைக்கும் போகும்னு போட்டுருப்பான், அத பாத்துட்டு ஆர்டர் போடுங்க.

கே: அப்ப லிக்விட் கூலர் யாருக்குத்தான்?

ப: ஐ9 14900கே, ஐ7 14700கே ரெண்டும் முழு வேகத்துல 253 வாட் வரைக்கும் இழுக்கும், ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட் வரைக்கும். இந்த மாதிரி ப்ராசஸர வெச்சு கேமோட சேத்து வீடியோ ரெண்டரிங், ப்ளெண்டர்னு 3டி வேலை மணிக்கணக்கா ஓட்டறவங்களுக்கு 360 மிமீ லிக்விட் கூலர் நியாயமான செலவு. அவங்கள நான் தடுக்க மாட்டேன். தொப்பூர் கணவாய் ஏறற லாரிக்கு ரேடியேட்டர் வேணும், கடைக்குப் போயிட்டு வர்ற பைக்குக்கு எதுக்கு?

120 மிமீ லிக்விட் கூலர் மட்டும் வாங்கவே வாங்காதீங்க. அந்த காசுக்கு நல்ல டவர் கூலர் அத விட நல்லா வேலை செய்யும்.

எனக்கு லிக்விட் மேல இருக்கற பயம் சூட்டப் பத்தி இல்ல, நம்ம ஊர்ல அது கெட்டா என்ன பண்றதுங்கறதுதான். தர்மபுரில என் அக்கா பையன் ரைசன் 5 5600எக்ஸ்-க்கு 240 லிக்விட் போட்டான், லைட்டு கலர் கலரா எரியும், பாக்க அழகு. ரெண்டாவது வருஷம் மே மாசம் ஒரு நாள், மாமா, பிசி ஆன் பண்ண ரெண்டாவது நிமிஷமே 95 காட்டுதுன்னு போன் பண்ணான். போய் கைய வெச்சு பாத்தேன், சிப் மேல உக்கார்ற பிளாக் நெருப்பா கொதிக்குது, மேல ரேடியேட்டர் பச்ச தண்ணி மாதிரி ஜில்லுனு இருக்கு, ஒரு டியூப் சூடு ஒரு டியூப் குளுமை. பம்ப் மேல காத வெச்சா வழக்கமா வர்ற அந்த மெல்லிசான ர்ர்ர் சத்தம் இல்ல. பம்ப் நின்னுபோச்சு, உள்ள தண்ணி சுத்தல. வாரண்டி இருந்துச்சு, ஆனா வாங்கின கடை கூரியர்ல அனுப்பி மாத்திட்டு வர அஞ்சு வாரம் ஆச்சு, லீவு முழுக்க போச்சு. நல்லவேளை ப்ராசஸரோட வந்த டப்பா கூலர தூக்கிப் போடாம பரண்ல வெச்சுருந்தான், அத மாட்டி குடுத்தேன். நீங்களும் லிக்விட் போட்டா பழைய டப்பா கூலர தூக்கிப் போடாதீங்க.

ஏர் கூலர்ல ஃபேன் நின்னா கூட தகடு கொஞ்சம் சூட்ட இழுத்துக்கும், டெஸ்க்டாப்ல வேலை பாக்கறது நடக்கும். லிக்விட்ல பம்ப் நின்னா அன்னைக்கே பிசி படுத்துடும். அதோட டியூப் வழியா தண்ணி வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறையும், அஞ்சாறு வருஷத்துக்கு மேல எதிர்பாக்கக்கூடாது.

மாட்டறப்ப ஒண்ணு கவனிங்க, உள்ள இருக்கற காத்து எப்பவும் உயரமான எடத்துல போய் சேரும், அந்த உயரமான எடம் பம்பா இருக்கக்கூடாது, ரேடியேட்டரா இருக்கணும். கேபினெட் மேல்தளத்துல ரேடியேட்டர் மாட்டிட்டா இந்த தொல்லையே இல்ல.

கே: யூட்யூப்ல வர்ற மாதிரி கண்ணாடி பைப் வெச்சு கஸ்டம் லூப் (நாமளே பார்ட் பார்ட்டா சேக்கற லிக்விட் கூலிங்) பண்ணலாமா? தண்ணி எது ஊத்தறது?

ப: ஆசைப்பட்டா பண்ணுங்க, ஆனா செலவு பெருசு, வருஷத்துக்கு ஒரு தடவ கழட்டி கழுவணும். தண்ணி விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. நம்ம மாவட்டத்து நிலத்தடி தண்ணில ஃபுளோரைடு கூடப்போயித்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு, போர் தண்ணி ஊத்துன பக்கெட்ல வெள்ளையா படியற உப்ப தினமும் பாக்கறீங்க. அந்த உப்பு பிளாக்குக்குள்ள இருக்கற முடி மாதிரி மெல்லிசான பள்ளத்துல போய் படிஞ்சா அவ்ளோதான். ஒகேனக்கல் தண்ணியும் வேண்டாம், ஆர்ஓ தண்ணியும் வேண்டாம், கூலன்ட்னே தனியா விக்கறான் அத வாங்குங்க.

கே: கேபினெட் முன்னாடி கண்ணாடி இருக்கறது அழகா இருக்கே, வாங்கலாமா?

ப: வேண்டாம். முன்பக்கம் வலை இருக்கறதா வாங்குங்க. முன்னாடி கண்ணாடிய வெச்சு மூடிட்டா காத்து ஓரத்து சந்துல மட்டும்தான் உள்ள வரணும், நீங்க எத்தனை ஃபேன் வெச்சாலும் அது மூச்சுத் திணறும். நான் பாத்த ஒரு மெஷின்ல முன்கண்ணாடிய கழட்டி வெச்சுட்டு அதே கேம் ஆடினோம், 9 டிகிரி எறங்குச்சு.

நம்ம வீட்டுல இன்னொரு பழக்கம், பழைய மாடல் கம்ப்யூட்டர் டேபிள்ல கீழ சிபியூ பெட்டிக்குன்னு ஒரு அறை இருக்கும், மூணு பக்கமும் பலகை, சில பேர் கதவும் போட்டுருப்பாங்க. அந்த அறைக்குள்ள கேமிங் பிசிய வெச்சா வெளிய விட்ட சூடான காத்தையே திரும்ப உள்ள இழுக்கும். வெளிய எடுத்து சொவத்துலேருந்து ஒரு முழம் தள்ளி வைங்க. தரைல நேரா வைக்காம ஒரு சின்ன பலகையோ ஸ்டூலோ போட்டுக்குங்க, பவர் சப்ளை அடிலேருந்து காத்து எடுக்கும், பாய் மேலயோ மெத்தை விரிப்பு மேலயோ வெச்சா அது மூடிக்கும்.

கே: ஃபேன் எத்தனை போடணும், எந்தப் பக்கம் உள்ள எந்தப் பக்கம் வெளிய?

ப: முன்னாடி ரெண்டு உள்ள இழுக்கற மாதிரி, பின்னாடி ஒண்ணு வெளிய தள்ற மாதிரி, இது போதும். காசிருந்தா மேல பின்பக்க ஓரத்துல ஒண்ணு வெளிய. ஆறு ஏழுன்னு வாங்கி குவிக்கறதுல பெரிய வித்தியாசம் வராது. உள்ள வர்ற காத்து வெளிய போறத விட கொஞ்சம் கூட இருந்தா நல்லது, அப்பதான் ஃபில்டர் இல்லாத சந்து பொந்து வழியா தூசி உள்ள இழுக்காது.

எந்தப் பக்கம் காத்து போகுதுன்னு கொழப்பமா இருந்தா ஃபேனோட ஸ்டிக்கரும் குறுக்குக் கம்பியும் இருக்கற பக்கமாத்தான் காத்து வெளிய வரும். மாட்டி முடிச்சப்பறம் பூஜை ரூம்லேருந்து ஒரு ஊதுபத்திய கொளுத்தி முன்வலைக்கு பக்கத்துல காட்டுங்க, புகை உள்ள போய் பின்னாடி வெளிய வரணும். முன்னாடியே சுத்திச் சுத்தி நின்னா ஏதோ ஒரு ஃபேன் திரும்பி மாட்டிருக்கு. சீலிங் ஃபேன ஆஃப் பண்ணிட்டு பாருங்க.

கே: சைடு கதவ கழட்டிட்டு டேபிள் ஃபேன் வெச்சு ஓட்டறேன், சரியா?

ப: டெஸ்ட் பண்ண ரொம்ப நல்ல வழி, நிரந்தரமா வேண்டாம். கதவ கழட்டினதும் 10 டிகிரி எறங்குச்சுன்னா உங்க கூலர் நல்லாத்தான் இருக்கு, கேபினெட்டுக்குத்தான் காத்து பத்தல, 700, 800 ரூபாய்க்கு ரெண்டு ஃபேன் வாங்கினா முடிஞ்சுது. கதவ கழட்டியும் 2, 3 டிகிரிதான் எறங்குதுன்னா கூலர், தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல தடவறது), ரூம் சூடு இதுல ஏதோ ஒண்ணு. புதுசா கூலர் வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் இந்த ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. கதவு தொறந்தே கெடந்தா தூசியும் பல்லியும் நேரா மதர்போர்டுக்கு வரும், வீட்டுல சின்ன கொழந்தைங்க இருந்தா வெரல விட்டுடும்.

கே: எங்க ஊர்ல கிரானைட் தூசி, என்ன பண்றது?

ப: பர்கூர், ஜெகதேவி பக்கம் இருக்கறவங்களுக்கு இது தெனப்படி பிரச்சினை, எனக்கும்தான். வீட்டுத் தூசி பஞ்சு மாதிரி, ஊதினா பறந்துடும். கல் அறுக்கற பட்டறை பக்கத்துல வர்ற தூசி மாவு மாதிரி நைசா இருக்கும், சாதாரண ஃபில்டர்ல பாதி தாண்டி உள்ள வந்துடும், விரல்ல தேச்சு பாத்தா நறநறன்னு இருக்கும். அது ஃபேன் பேரிங்குக்குள்ள போச்சுன்னா கொஞ்ச நாள்ல கரகரன்னு சத்தம் வரும். கூலர் தகட்டுக்கு நடுவுல ஆடி மாச காத்துல கொஞ்சம், மழைக்கால ஈரத்துல கொஞ்சம்னு படிஞ்சு அடை மாதிரி கெட்டியாயிடும், வெளிலேருந்து பாத்தா ஃபேன் நல்லா சுத்துது, ஆனா பின்னாடி கைய வெச்சா காத்தே வராது.

இதனாலயும் நான் ஏர் கூலர்ம்பேன். டவர் கூலர் தகடு அகலமா இருக்கும், ஒரு பெயிண்ட் பிரஷ் உள்ள போகும். லிக்விட் ரேடியேட்டர் தகடு ரொம்ப நெருக்கம், அதுல படிஞ்சா எடுக்கறது பெரும்பாடு.

நான் பண்றது இதான். மூணு வாரத்துக்கு ஒரு தடவ முன்வலைய கழட்டி பைப்ல காட்டி கழுவி நிழல்ல நல்லா காய வெச்சு மாட்டுவேன். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ பிளக்க புடுங்கிட்டு, பவர் பட்டன அஞ்சு செகண்ட் அழுத்திப் புடிச்சு மிச்ச கரண்ட்ட வெளிய விட்டுட்டு, பெட்டிய திண்ணைக்கு தூக்கிட்டு போய் ஹேண்ட் ப்ளோயர் அடிப்பேன். ப்ளோயர் அடிக்கறப்ப ஒவ்வொரு ஃபேனையும் விரலால புடிச்சுக்கணும், காத்துல அது கன்னாபின்னான்னு சுத்த விட்டா பேரிங்கும் போகும், ஃபேனே டைனமோ மாதிரி கரண்ட் உண்டாக்கி போர்டுக்கு அனுப்பும். வீடு பெருக்கற வேக்கும் க்ளீனர உள்ள விடாதீங்க, ஸ்டாட்டிக் கரண்ட் வரும். மூஞ்சில ஒரு துணி கட்டிக்குங்க, கல் தூசி நுரையீரலுக்கு கெடுதி, இது பிசிய விட முக்கியம்.

கே: தெர்மல் பேஸ்ட் எவ்ளோ, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவ?

ப: நடுவுல ஒரு பட்டாணி அளவு. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தினா போதும், நடுவுல கூலர கழட்டினா கண்டிப்பா பழச தொடச்சுட்டு புதுசு போடணும். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சா அஞ்சாறு பிசிக்கு வரும்.

ரைசன் 5000 சீரிஸ் வெச்சுருக்கறவங்க கவனம். கூலர அப்படியே மேல தூக்கினா காஞ்சுபோன பேஸ்ட் புடிச்சு இழுத்து ப்ராசஸரே சாக்கெட்லேருந்து பிச்சுக்கிட்டு வந்துடும், கீழ இருக்கற பின் வளைஞ்சா கத முடிஞ்சுது. பத்து நிமிஷம் கேம் ஓட்டி சூடாக்கிட்டு ஆஃப் பண்ணுங்க, அப்புறம் கூலர இடதும் வலதுமா மெதுவா திருகிக்கிட்டே எடுங்க.

புது கூலர் அடில ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் பேப்பர உரிச்சுட்டு மாட்டுங்க. ஒரு ஃபிரண்டு கடைல அசெம்பிள் பண்ணி வாங்கின பிசி மொத நாள்லேருந்தே 90, ஒரு வருஷம் அப்படியே ஓட்டிருக்கான் பாவம், நான் கழட்டி பாத்தா பேப்பர் அப்படியே இருக்கு.

கே: சிபியூ 70தான் இருக்கு, கிராபிக்ஸ் கார்டு 84 போகுது?

ப: கேம்ல அதிகமா கரண்ட் இழுக்கறது கார்டுதான். ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட், 4060 115 வாட், 4070 200 வாட். இதுக்கு சிபியூ கூலர மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல, முன் ஃபேன் காத்து நேரா கார்டு மேல படற மாதிரி பண்ணுங்க. கார்டோட சிப் (கோர்) 83, 84 வரைக்கும் பயமில்ல. புதுசா வாங்கறவங்க தர்மபுரி வெயிலுக்கு ஒரு ஃபேன் இருக்கற கார்டு வாங்காம ரெண்டு ஃபேன் வாங்குங்க.

கே: காசு செலவில்லாம சூட்ட குறைக்க முடியுமா?

ப: முடியும், இத யாரும் செய்யறதில்லங்கறதுதான் எனக்கு ஆதங்கம். மானிட்டர் 75 ஹெர்ட்ஸ், வேலரன்ட் 250 எஃப்பிஎஸ்ல ஓடிக்கிட்டு இருக்கும், திரைல காட்டவே முடியாத ஃப்ரேமுக்கு கார்டு வேர்த்துக்கிட்டு இருக்கு. கேம் செட்டிங்ல மானிட்டர் எவ்ளோவோ அதுக்கு பக்கத்துல எஃப்பிஎஸ்க்கு ஒரு எல்லை போடுங்க. அப்புறம் ஆஃப்டர்பர்னர்ல பவர் லிமிட்ட 80 சதவீதத்துக்கு எறக்கிப் பாருங்க, எஃப்பிஎஸ் கொஞ்சம்தான் குறையும், சூடு நல்லாவே எறங்கும். ரைசன் 5000 சீரிஸ்லேருந்து பயாஸ்ல (பிசி ஆன் ஆகறப்ப உள்ள போற செட்டிங்) சிப்போட வோல்டேஜ குறைக்கற கர்வ் ஆப்டிமைசர் இருக்கு, மைனஸ் 10லேருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா போங்க, கேம் நடுவுல ஆஃப் ஆனா ஒரு படி திரும்பி வாங்க.

கே: ரூமுக்கு ஏசி போடலாமா, இல்ல தண்ணி ஊத்தற ஏர் கூலர் போதுமா?

ப: கேம் ஆடறப்ப 5600-ம் 3060-ம் இருக்கற என் செட்டு மானிட்டரோட சேத்து 300 வாட் பக்கம் இழுக்குது, அவ்ளோவும் கடைசில ரூமுக்குள்ள சூடாத்தான் வரும். மூணு மணி நேரம் ஆடினா கதவு சாத்துன ரூம்ல 300 வாட் ஹீட்டர் போட்டுட்டு உக்காந்த மாதிரி. 1 டன் ஏசி ஏறக்குறைய 3500 வாட் சூட்ட வெளிய எடுக்கும், அதுக்கு இது ஒரு பொருட்டே இல்ல, ஆனா கரண்ட் பில்லு வீட்டுல யார் கட்டறாங்களோ அவங்கள கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

தண்ணி ஏர் கூலர் நம்ம பக்கம் ஏப்ரல் மாசத்து வறண்ட காத்துக்கு நல்லா வேலை செய்யும். ஜன்னல் தொறந்துருக்கணும், இல்லன்னா ஈரம் உள்ளயே தங்கி புழுக்கமாயிடும். பிசிக்கு நேரா திருப்பி வெக்காதீங்க, காத்தோட பொடிசா தண்ணித்துளி வரும், அதுல நம்ம ஊர் உப்பும் இருக்கு, கல் தூசியோட அது சேந்தா போர்டு மேல ஈரச் சேறு மாதிரி படியும். உங்க மேல படற மாதிரி வைங்க, பிசி எதிர் மூலைல இருக்கட்டும்.

ரெண்டும் வேண்டாம்னா ஜன்னல் மேல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்க. சாயங்காலம் 7 மணிக்கு மேல வெளிக்காத்து ரூம விட குளுமை, எதிர்ல கதவத் தொறந்து வெச்சு அத ஓட விட்டா அரை மணி நேரத்துல ரூம் மாறிடும். 1500 ரூபாய்க்குள்ள முடியற வேலை.

கே: நான் ஓசூர், எனக்கும் இதெல்லாம் தேவையா?

ப: ஓசூர் கடல் மட்டத்துலேருந்து 900 மீட்டர் பக்கம் உயரத்துல இருக்கு, எங்கள விட நாலஞ்சு டிகிரி கம்மி. வலை கேபினெட்டும் 2500 ரூபாய் டவர் கூலரும் போட்டுட்டு நிம்மதியா ஆடுங்க.

கே: கரண்ட் திடீர்னு போனா சூடான ப்ராசஸருக்கு ஏதாவது ஆகுமா?

ப: சூட்டால ஒண்ணும் ஆகாது, கரண்ட் நின்ன அடுத்த செகண்டே சிப் சூடு உண்டாக்கறத நிறுத்திடும், தானா ஆறிடும். ஹார்ட் டிஸ்க்குக்கும் சேவ் பண்ணாத கேமுக்கும்தான் ஆபத்து, அதுக்கு ஒரு யுபிஎஸ் வேணும்.

கே: பெட்டிக்குள்ள பல்லி போயிடுது, சிரிக்காதீங்கண்ணா.

ப: சிரிக்கல, எனக்கே நடந்துருக்கு. கதகதப்பா இருக்கற எடத்த தேடி வரும். பவர் சப்ளை ஃபேன்ல ஒண்ணு மாட்டி ஃபேன் நின்னுபோயி, பிசி அரை மணி நேரத்துக்கு ஒரு தடவ தானா ஆஃப் ஆச்சு, நான் ஒரு வாரம் சிபியூ கூலர சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். பின்பக்கம் மூடாம கெடக்கற ஸ்லாட்டுக்கெல்லாம் தகடு போடுங்க, பெரிய ஓட்டைக்கு கொசுவலைய வெட்டி ஒட்டுங்க. பவர் சப்ளைய மட்டும் நீங்களே தொறக்காதீங்க, பிளக்க புடுங்கினப்பறமும் உள்ள கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும், ஆள அடிச்சுடும்.

கே: பார்ட் எங்க வாங்கறது?

ப: கிருஷ்ணகிரிலேருந்து பெங்களூர் எஸ்பி ரோடு (கம்ப்யூட்டர் பார்ட் கடைத்தெரு) காலைல பஸ் ஏறினா மத்தியானம் வாங்கிட்டு திரும்பிடலாம். ஆன்லைன்லயும் வாங்கலாம், ஆனா டப்பாவ பிரிக்கறப்ப வீடியோ எடுத்து வைங்க. உள்ளூர் கடைல 300, 400 கூட ஆனாலும் ஃபேன், பேஸ்ட் மாதிரி சின்ன சாமானுக்கு அங்கயே போங்க, மே மாசம் ராத்திரி ஃபேன் நின்னா காலைல கைல குடுக்கறது அவங்கதான்.

கே: லேப்டாப்ல ஆடறேன், கூலிங் பேட் வாங்கலாமா?

ப: மொதல்ல பின்னாடி ரெண்டு இன்ச் தூக்கி வெச்சு பாருங்க, மெத்தை மேல வெச்சு ஆடறத நிறுத்துங்க. அப்பவும் பத்தலன்னா பேட் வாங்குங்க, 3, 4 டிகிரிக்கு மேல எதிர்பாக்காதீங்க.

கே: கைல 5000 ரூபாய்தான் இருக்கு, ரைசன் 5 5600, முன்கண்ணாடி கேபினெட், டப்பா கூலர். எதுல போடட்டும்?

ப: 2500க்கு டவர் கூலர், 800க்கு ரெண்டு ஃபேன், 400க்கு பேஸ்ட். முன்கண்ணாடிய கழட்டி அந்த எடத்துல நைலான் வலைய இழுத்து ஒட்டிருங்க, அழகு கொஞ்சம் போகும், பரவால்ல. மிச்ச காசுல மொட்டை மாடிக்கு சுண்ணாம்பு.

கே: தூசி படுதுன்னு அம்மா எப்பவும் துணி போட்டு மூடி வெச்சுடறாங்கண்ணா.

ப: எங்க வீட்டுலயும் அப்படித்தான், பழைய சேலைய வெட்டி தெச்சு உறை மாதிரியே பண்ணி வெச்சுருக்காங்க. அது நல்ல பழக்கம், தடுக்காதீங்க, கல் தூசிக்கு அத விட மலிவான ஃபில்டர் கெடையாது. ஆஃப் பண்ணி கால் மணி நேரம் ஆற விட்டுட்டு மூடச் சொல்லுங்க, ஆன் பண்றதுக்கு முன்னாடி நீங்களே எடுத்து மடிச்சு வைங்க. டவுன்லோட் போட்டுட்டு ராத்திரி தூங்கப் போறவங்க மட்டும் அம்மாகிட்ட சொல்லிட்டு படுங்க, மானிட்டர் லைட் அணைஞ்சுருந்தா பிசியும் ஆஃப்னு நெனச்சு மூடிடுவாங்க.